ஊர் பெயர்ந்தாலும் பெயராத நம்பிக்கை

வாழ்ந்த மண்ணை விட்டுப் பெயர நேர்ந்தால் ஒரு சமூகத்தின் இறைநம்பிக்கை என்னவாகும்? டெங்கில் மக்களுக்கு இவ்வினா புதிதன்று. 1995ஆம் ஆண்டில் புத்ராஜெயா நகரப் பணிகள் தொடங்கியதையடுத்து, பிராங் பெசார் முதலிய தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. மண்ணோடு பிணைந்த வழிபாட்டை மண்ணை இழந்தபின் காப்பது எவ்வாறு? இதற்கு விடை தேடுவோர்க்கு யூதர் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

கி.பி. 70இல் உரோமர் ஜெருசலேம் திருக்கோயிலைத் தகர்த்தனர். பலிபீடம் அழிந்தது, மறைநூல் எஞ்சியது. மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவை 54 பகுதிகளாக வகுத்து, ஓய்வுநாளாகிய சனிக்கிழமைதோறும் ஓதி, ஓராண்டில் நிறைவு செய்யும் வழக்கம் அவர்களிடையே நிலைபெற்றது. காலை வழிபாட்டில் எழுவர் ஒருவர்பின் ஒருவராக மறைநூலின்முன் அழைக்கப்படுவர். கையால் எழுதப்பெற்ற தோற்சுருளில் உயிரொலிக் குறிகள் இல்லை. ஆதலின் ஓதுவோர் முன்னரே பயின்று வருதல் வேண்டும். இறுதிப் பகுதியை ஓதி முடிக்கும் திருநாளிலேயே முதற்பகுதியையும் தொடங்கிவிடுவர். முடிவென்பதே அவ்வோதலுக்கு இல்லை.

இவ்வாராந்தரப் பகுதிகளில் மீண்டும் மீண்டும் ஒலிப்பது இறைவன்மீது கொள்ளும் உறுதியாகும். பாலைவனத்தில் இஸ்ரவேலர்க்கு மன்னா என்னும் உணவு அன்றன்றைக்கே கிடைத்தது. மறுநாளைக்கெனச் சேர்த்து வைத்தது கெட்டுப்போயிற்று. ஆறாம் நாளில் மட்டும் ஓய்வுநாளுக்கும் சேர்த்து இருமடங்கு கிடைத்தது. நாளையை இறைவனிடம் ஒப்படைக்கும் பயிற்சியே அது. பதினோராம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பக்கூதா, தம் நூலில் இந்நம்பிக்கைக்கெனத் தனியொரு பகுதி வகுத்தார். நம்பிக்கை சோம்பலன்று, உழைப்பு மனிதன் கடன், விளைவு இறைவன் கையில் என்பதே அவர் கருத்து.

இம்மரபு தமிழகத்தின் அண்டையிலும் வேரூன்றியது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப் ரப்பான் என்னும் யூதத் தலைவர்க்குப் பல்லக்கு, குடை, பகல்விளக்கு முதலிய சிறப்புரிமைகளை வழங்கினான். அச்செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. பின்னாளில் கொடுங்கல்லூரை நீங்கிய யூதர் கொச்சி மன்னரின் ஆதரவில் குடியேறினர். 1568இல் அங்கு எழுந்த பரதேசித் தொழுகைக் கூடம் 1662இல் போர்த்துக்கீசியரால் சிதைக்கப்பட்டது. டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் மீண்டும் எழுந்தது.

எனினும் அக்கூடத்தில் ஒரு குறை இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் அங்கு மற்றவரோடு சமமாக அமரவும், தோராவின்முன் அழைக்கப்படவும் இயலாதிருந்தனர். அவ்வழியில் 1882இல் பிறந்தவரே வழக்கறிஞர் ஏ. பி. சேலம். 'யூத காந்தி' எனப் பெயர் பெற்ற இவர், அறவழிப் போராட்டத்தைத் தொழுகைக் கூடத்துக்குள்ளேயே நடத்தினார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. எல்லார்க்கும் பொதுவான இறைவன்மீது நம்பிக்கை வளர வேண்டுமாயின், அவன் நூலைச் சிலர்க்கு மறுத்தல் தகாது என்பதை அப்போராட்டம் உணர்த்திற்று.

1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின், 1950களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். நெகேவ் வறண்ட நிலத்தில் உழுது பயிரிட்டனர். ஊர் மாறிற்று; தொழில் மாறிற்று; சனிக்கிழமை ஓதல் மாறவில்லை. மகளிரின் மலையாளப் பாடல்களும் உடன் சென்றன.

டெங்கில் தமிழர்க்குத் திருமுறையும் திருக்குறளும் உண்டு. வாரந்தோறும் ஒருநாள், முதியோரும் சிறாரும் ஒருங்கு கூடி, எவரையும் விலக்காமல் ஓதிப் பொருள் உணர்வராயின், அடுக்குமாடியின் சிறு கூடமும் கோயிலாகும். கல்லால் கட்டியதைப் பெயர்த்துவிடலாம். நாவில் பழகி நெஞ்சில் நிலைத்ததை எவரும் பெயர்த்தல் இயலாது.