குடும்ப ஜெபத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு: கடலூரிலிருந்து ஒரு கதை

சேர்ந்து ஜெபிக்கிற குடும்பம் சேர்ந்தே இருக்கும்னு ஒரு வாசகத்தை நிறைய கிறிஸ்தவ வீட்டுச் சுவர்ல பார்த்திருப்பீங்க. ஏதோ பைபிள் வசனம்னுதான் தோணும். ஆனா இது 1940-களில் அமெரிக்க வானொலி வழியா பரவினது. பேட்ரிக் பெய்டன்னு ஒரு பாதிரியார் குடும்ப ஜெபமாலைக்காக நடத்தின இயக்கத்துக்கு, விளம்பரத் துறையில இருந்த ஒருத்தர் எழுதிக் கொடுத்த வரி.

வாசகம் புதுசு. பழக்கம் பழசு. கடலூர் மாவட்டத்தை வச்சுப் பார்த்தா, அந்தப் பழக்கம் எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு ஓரளவுக்குத் தெளிவாவே தெரியுது. இந்த எபிசோட்ல அதைத்தான் பேசப்போறேன்.

முதல்ல ஜெர்மனி. 1529-ல் மார்ட்டின் லூதர் 'சிறிய ஞானோபதேசம்'னு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். முந்தைய வருஷம் சாக்சனி கிராமங்களைச் சுத்திப் பார்த்தப்போ, ஜனங்களுக்கு அடிப்படைகூடத் தெரியலைங்கிறது அவரைப் பாதிச்சிருந்தது. அதனால குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே அதை எழுதினார். பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம், காலை ஜெபம், மாலை ஜெபம், சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்ற ஜெபம் எல்லாம் அதுல உண்டு. கேள்வி கேட்டா பதில் சொல்லணும், பிள்ளைங்களுக்கு மனப்பாடம் ஆகணும். நம்ம திண்ணைப் பள்ளிக்கூட முறைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு இது.

1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில வந்து இறங்கினார். சிதம்பரத்துக்குத் தெற்கே, அதே கடற்கரைதான். அவர் தமிழில் கொண்டுவந்த ஆரம்ப நூல்களில் இந்த ஞானோபதேசமும் ஒண்ணு. புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிஞ்சது 1715-ல். புத்தகம் அச்சுல வந்த பிறகு வேதம் கோயில் மேடையை விட்டு வீட்டுக் கூடத்துக்கும் வர முடிஞ்சது.

கடலூரில் மிஷன் தொடங்கினது 1737-ல். ஆங்கிலேயர்கள் 1690-ல் மராத்தியர்களிடம் வாங்கிய புனித டேவிட் கோட்டை, தேவனாம்பட்டினத்தில் இருந்தது. அந்தப் பாதுகாப்பை நம்பித்தான் மிஷனரிகள் வந்தாங்க. 1740-ல் கீர்னாண்டர் வந்தார். ஆனா 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடிச்சதும் அவர் கல்கத்தாவுக்குப் போய்ட்டார். 1782-ல் ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போச்சு. அடுத்த வருஷம் முற்றுகை, சண்டை.

கொடி மாற மாற, வழிபாடு நடத்துறவங்களும் மாறினாங்க. ஊரை விட்டுப் போக முடியாதவங்க சாதாரண ஜனங்கதான். அந்த மாதிரி வருஷங்கள்ல விசுவாசத்தைத் தாங்கிப் பிடிச்சது வீட்டுல மனப்பாடமா இருந்த ஜெபங்களாத்தான் இருக்கணும்னு நான் நினைக்கிறேன். பாதிரியாருக்குக் கப்பல் இருந்துச்சு, பாட்டிக்கு இல்லையே.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கத்தோலிக்கர்கள். விருத்தாசலம் பக்கத்துல கோணான்குப்பம் இருக்கு. அங்கே பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டினவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்து அம்மனுக்கும் பெரியநாயகின்னுதான் பேர். அந்த ஊர்க்காரங்க காதுக்கு அந்நியமில்லாத பேர் அது. அவர் எழுதின 'தேம்பாவணி'யில 3,615 பாடல்கள். காப்பியத் தலைவன் யாருன்னு பார்த்தா, ராஜா கிடையாது. சூசையப்பர், ஒரு தச்சர். தமிழ்ல ஒரு முழுக் காப்பியம் ஒரு குடும்பத்தை நடுவுல வச்சு நகருது. சாயங்காலம் விளக்கேத்தி வீடே உட்கார்ந்து ஜெபமாலை சொல்றப்போ, அந்தக் குடும்பம்தான் மனசுல முன்மாதிரியா நிக்குது.

டிசம்பருக்கு வருவோம். அது மார்கழி. சிதம்பரத்துல ஒரு வீட்டுல திருவாதிரைக் களி கிண்டுறாங்க, இன்னொரு வீட்டுல கேக்குக்கு முட்டை அடிக்கிறாங்க. ஒரு தெருவுல பஜனை, அடுத்த தெருவுல கேரல் ரவுண்ட்ஸ். வைக்கோல், களிமண் பொம்மை வச்சுப் பிள்ளைங்க கட்டுற குடிலுக்கும் ஒரு வேர் இருக்கு. 1223-ல் இத்தாலியில், கிரேச்சோ என்கிற ஊரில், புனித பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் வச்சு அந்தக் காட்சியை அமைச்சார். நம்ம ஊர்ல அது நவராத்திரிக் கொலு மாதிரி வீட்டு வேலையாவே ஆகிடுச்சு. யார் பொம்மை வைக்கிறது, யார் சீரியல் லைட் மாட்டுறதுன்னு சண்டை போட்டுக்கிட்டே பிள்ளைங்க கதையைக் கத்துக்குது.

இதுவரைக்கும் கதை இனிப்பா இருக்கு. ஆனா வீடு விசுவாசத்தை மட்டும் கைமாத்தல. சாதியையும் கைமாத்துச்சு.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதின கீர்த்தனைகள் இல்லாத தமிழ் புராட்டஸ்டண்ட் குடும்ப ஜெபத்தை நினைச்சுப் பார்க்கிறது கஷ்டம். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன், சபையில சாதி வேற்றுமை இருக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். தஞ்சாவூரில் அதை எதிர்த்தவங்கள்ல சாஸ்திரியாரும் ஒருத்தர். சாதி உலக வழக்கம், விசுவாசத்துக்கு அதனால பங்கமில்லைங்கிறது அந்தத் தரப்போட வாதம்.

கடலூர் பக்கம் நேர்மாறா ஒண்ணு நடந்துச்சு. லைப்சிக் மிஷன் சாதி விஷயத்துல ரொம்ப விட்டுக்கொடுக்குதுன்னு அதிலிருந்து கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி வெளியேறினார். 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியா பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் அவருக்குக் கை கொடுத்துச்சு. இன்னைக்குக் கடலூரைத் தலைமையிடமா வச்சிருக்கிற ஆற்காடு லுத்தரன் திருச்சபையோட வேர் அங்கேதான்.

இந்தச் சண்டை ஏன் வீட்டு விஷயம்? கோயில்ல ஒரே பெஞ்சுல உட்கார வைக்க ஒரு உத்தரவு போதும். வீட்டுச் சாப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடுறோம், பொண்ணு யாருக்குக் கொடுக்கிறோம்ங்கிறதுக்கு எந்த பிஷப்பும் காவல் நிக்க முடியாது. நந்தனார் கதையில தில்லைக் கோயில் வாசல் தடையா நின்னுச்சு. கிறிஸ்தவ வீடுகள்ல அடுப்படி வாசல் அப்படி நின்னிருக்கு. குடும்பம் நெருக்கமா இருக்கிறது நல்லதுதான். அந்த நெருக்கம் சில சமயம் சுவராவும் ஆகிடும்.

அதனால குடும்ப ஜெபம் வேண்டாம்னு நான் சொல்லல. ராத்திரி பத்து நிமிஷம் போனைக் கீழே வச்சுட்டு எல்லாரும் ஒரு பாயில உட்கார்றது சின்ன விஷயமில்லை. இந்த வாரம் அப்படி உட்கார்ந்தா, ஜெபம் முடிஞ்சதும் தாத்தா பாட்டிகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. அவங்க சின்ன வயசுல இந்த ஜெபத்தை யார் சொல்லிக்கொடுத்தாங்க? அப்போ வீட்டுக்கு வந்தவங்கள்ல யாருக்கு உள்ளே சாப்பாடு, யாருக்குத் திண்ணையில? பதிலை ஒரு நோட்டுல எழுதி வைங்க, இல்லைன்னா அவங்க குரல்லயே பதிவு பண்ணுங்க. ரெண்டாவது கேள்விக்கு அவங்க கொஞ்சம் தயங்கினா அவசரப்படுத்தாதீங்க, காத்திருங்க.

அடுத்த எபிசோட்ல பரங்கிப்பேட்டைக்குப் போவோம்.