கைவிடப்பட்ட வீடுகள்

ஆளற்ற வீட்டைக் காண்போர் ‘கைவிடப்பட்ட வீடு’ என்று எளிதிற் கூறிவிடுகின்றனர். கைவிட்டவர் யார், கைவிடச் செய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

பிறர் காணியைப் பத்தாண்டுகள் இடையூறின்றி எதிருரிமையோடு ஆண்டவர்க்கு அதனை உரித்தாக்கிற்று, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். உரியவர் உறங்கலாகாது என்பதே அதன் நியாயம். பராயமடையாதோர், சித்தம் பேதலித்தோர், கடல் கடந்திருந்தோர் ஆகியோர்க்கு அது விலக்களித்தது. ஆனால், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களிற் கிடந்த வடபுலத்து முஸ்லிம்கள் கடல் கடந்தவரல்லர். 1995இல் வலிகாமத்தினின்றும் இடம்பெயர்ந்து வன்னிக்குச் சென்ற தமிழரும் அல்லர். துரத்தப்பட்டவரும் உறங்கியவராகவே எண்ணப்படும் நிலை நேர்ந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் வழக்கிட இயலாதிருந்தோர்க்கு, 1983 மே முதல் 2009 மே வரையுள்ள காலத்தைக் கணக்கினின்றும் நீக்கியது 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமேயாகும்.

இன்று பாழ்வீடுகளின் உட்புறப் படங்கள் கைபேசிகளில் உலவுகின்றன. சுவர் மாடத்தையும் சீமெந்துத் தரையின் கோலத்தையும் கொண்டு இடத்தைத் துப்பறிவோரும் உளர். அவ்வறிவு கதவு பெயர்ப்பவனுக்கும் உதவும்; உறுதியை இழந்த ஏழைக்குச் சாட்சியுமாகும். எப்பக்கம் நிற்பது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.