யார் வீட்டுப் பிள்ளை?

சிலாங்கூரின் வடபகுதியில் சுங்கை சோ, செரண்டா வட்டாரத்திலும், மேற்கே கோலசிலாங்கூரைச் சூழ்ந்த தோட்டங்களிலும், அறியாத சிறுவன் ஒருவனைக் கண்டால் பெரியவர்கள் முதலில் வினவுவது "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதே. இந்நாட்டுச் சட்டங்களும் நூறாண்டுக்கு மேலாக இவ்வினாவையே கேட்டு வந்துள்ளன. வந்த விடை மெய்யா பொய்யா என்று தேர்ந்தறிய அவற்றால் இயலாமற் போனதே பெருங்குறையாகும்.

1860ஆம் ஆண்டுகளில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்களில் ஆட்கள் அனுப்பப்பட்டனர். தலைக்கு இவ்வளவு என்று பணம் பெற்ற ஆள்பிடிகாரர்கள், சந்தையிலும் சத்திரத்திலும் தனித்து நின்ற இளைஞரையும் சிறுவரையும் ஆசைகாட்டி அழைத்துச் சென்றனர். துறைமுகத்தில் "விரும்பித்தான் போகிறாயா?" என்று கேட்டால், சொல்லிக்கொடுத்த விடையே வந்தது. தமிழகத் தாய்மார் குழந்தைகளை அச்சுறுத்தச் சொல்லும் 'பிள்ளை பிடிக்கிறவன்' வெறுங்கற்பனை அல்லன்.

1867 ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்றும் பிரிந்தன. அதனால் அங்குக் கூலிக்கு ஆள் அனுப்புவது இந்தியச் சட்டப்படி குற்றமாயிற்று. எனினும் மூன்றாண்டுகள் அதனை எவரும் கவனித்திலர். 1870இல் தஞ்சைப் பகுதியில் ஆட்கடத்தல் பற்றிய முறையீடுகள் எழுந்தபோதுதான் உண்மை புலப்பட்டுப் பயணம் நிறுத்தப்பட்டது. 1872இல் புதுச் சட்டம் வந்து வழி மீண்டும் திறந்தது. கடத்தப்பட்ட பிள்ளைகளுக்காக நின்ற கப்பல், கரும்புக்காக மறுபடியும் ஓடிற்று என்றால் மிகையாகாது.

1910இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்டப்பட்டது. கங்காணி முறையே தலைதூக்கி நின்றது. கங்காணி அயலான் அல்லன். மாமன், சித்தப்பன் என்று உறவு சொல்லி வருபவன். ஆகவே, பிடிப்பவனையும் காப்பவனையும் பிரித்தறிவது முன்னிலும் அரிதாயிற்று. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும் கங்காணிக்கு உரிமச்சீட்டு வேண்டும் என்றன. ஊர் மணியக்காரரின் கையொப்பமும் வேண்டும் என்றன. வயது வராதோர் பெற்றோரோ காப்பாளரோ இன்றிக் கப்பலேறலாகாது என்றன. நல்ல விதிகளே. ஆனால் காப்பாளர் யார் என்பதற்கு, உடன் வந்தவரின் வாய்ச்சொல்லை விட்டால் வேறு சான்று ஏது?

அடுத்த ஆண்டே மலாயாவில் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று அது விதித்தது. கணக்கப்பிள்ளையோ கங்காணியோ வாத்தியாராக அமர்ந்த பள்ளிகள் பல; அவற்றில் கற்பித்தது எவ்வளவோ, அதனை ஆசிரியர்களே அறிவர். எனினும் பள்ளிப் பதிவேட்டில் பெயர், வயது, தந்தை பெயர் ஏறின. பல பிள்ளைகளைப் பற்றி எழுத்தில் நின்ற முதற் சான்று அதுவே.

பின்னர்ப் போர் வந்தது. சயாம் - பர்மா இரயில் பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் மீளவில்லை. லயங்களில் அனாதைகள் பெருகினர். 1946இல் சமூகநல இலாகா அமைந்தது; 1947இல் சிறார் நீதிமன்றச் சட்டம் பிறந்தது. சுவாமி சத்தியானந்தாவின் சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமாயிற்று. ஆயினும் பெரும்பாலோரை எடுத்து வளர்த்தவர்கள் பக்கத்து வீட்டாரே. 1952இல் தத்தெடுப்புச் சட்டம் வந்தபோதும், வளர்ப்புப் பிள்ளைக்குப் பத்திரம் வாங்கும் வழக்கம் லயத்தில் வேரூன்றவில்லை. பெற்ற பாசத்துக்குக் குறையாத பாசம் இருந்தது; காகிதந்தான் இல்லை.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், பழைய மூன்று சட்டங்களை ஒன்றாக்கி, பதினெட்டு வயதுக்குட்பட்ட, காப்பார் இல்லாதவரைப் பாதுகாக்க வகை செய்தது. பணத்துக்குப் பிள்ளையைக் கைமாற்றுவதைக் குற்றமாக்கியது. 2007ஆம் ஆண்டு ஆட்கடத்தல் தடுப்புச் சட்டமோ, கடத்தப்பட்டவர் இசைந்தார் என்பது குற்றவாளிக்கு எதிர்வாதம் ஆகாது என்றது. நாகப்பட்டினத்தில் "ஆம்" என்று சொல்ல வைத்த தந்திரம் சட்டத்தின் முன் செல்லாக்காசாக நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலம் ஆயிற்று.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பல வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அவ்வாறு பட்டணம் போன குடும்பங்களின் பிள்ளைகளுள், பத்திரமின்றி வளர்க்கப்பட்டோர் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்கு மனுச் செய்யும்போது, பதிவு இலாகா அதிகாரி பிறப்புப் பத்திரத்தைக் கேட்கிறார். பெற்றோர் யார் என்கிறார்.