தேய்வதற்கென்றே ஒரு வளையம்

கொதிக்கும் எண்ணெயை இறைக்கும் பம்பில் தோல் வாஷர் கருகிவிடும்; அங்கே பிஸ்டனைக் காப்பது வார்ப்பிரும்பு வளையம். அதன் கதை நீராவி எஞ்சினில் தொடங்குகிறது.

1712இல் நியூகோமன் பிஸ்டன்மேல் நீரைத் தேக்கிக் கசிவைத் தடுத்தார். உருளையைச் சூடாகவே வைக்க விரும்பிய ஜேம்ஸ் வாட்டுக்கு அது உதவவில்லை. கொழுப்பில் தோய்த்த சணலைச் சுற்றினார். அதுவோ அடிக்கடி நைந்தது. பின்வந்த உலோகப் பிஸ்டன்கள் துண்டுகளும் சுருள்வில்களுமாய்க் கனத்தன.

1850களில் ஆங்கிலேய ரயில் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம், உருளையைவிடச் சற்றுப் பெரிதாக வளைத்து, ஓரிடத்தில் வெட்டுவிட்ட வளையங்களைப் பிஸ்டனின் பள்ளங்களில் பொருத்தினார். அவை தம் வில்விசையாலேயே சுவரைத் தழுவின. பெரும்பாலான தேய்மானம் மலிவான வளையத்துக்கே போயிற்று. பழுதுபார்ப்பவர் அதை மட்டும் மாற்றினால் போதும். வாட்டின் புகழில் பத்தில் ஒரு பங்கேனும் இவரைச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சுடும் எண்ணெயில் விரியும் உலோகத்துக்கு இடம் தருவதும் அந்தச் சிறு வெட்டுத்தான்.