தோரோட்ராஸ்ட்டும் கல்லீரல் புற்றுநோயும்

தோரோட்ராஸ்ட் என்பது எக்ஸ் கதிர்ப் படங்களில் இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்காக, 1930களிலும் 1940களிலும் நோயாளிகளுக்கு ஊசி மூலம் செலுத்தப்பட்ட தோரியம் டைஆக்சைடு கூழ்மக் கரைசல் ஆகும். போர்த்துகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1931இல் மூளை இரத்தக் குழாய்களைப் படமெடுக்க இதைப் பயன்படுத்தினார். உடனடிப் பக்கவிளைவுகள் குறைவாக இருந்ததால் பல நாடுகளிலும் இது பரவியது.

ஆனால் உடலுக்குள் சென்ற தோரியத்தின் பெரும்பகுதி வெளியேறவில்லை. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் தங்கி, வாழ்நாள் முழுவதும் ஆல்பா துகள்களை உமிழ்ந்தது. தோரோட்ராஸ்ட் பெற்றவருக்கு உண்டான கல்லீரல் புற்றுநோய் பற்றி 1947இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். பலருக்கு இந்நோய் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

இறந்தவர்களின் உடற்கூறாய்வில் எடுத்து மெழுகில் பதித்து வைக்கப்பட்டிருந்த கல்லீரல் திசுக்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்னாளில் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினர். ஆல்பா துகள் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அறுக்க வல்லது. எனவே மரபணுக்களில் பெரிய இழப்புகள் எதிர்பார்க்கப்பட்டன. ஆனால் புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் பெரும்பாலும் ஓரெழுத்து மாற்றங்களே காணப்பட்டன. புற்று தோன்றாத பகுதிகளிலும் பி53 பிறழ்வுகள் இருந்தன. சில பித்தநாளப் புற்றுகளில், டி.என்.ஏ.வின் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 மரபணு முடக்கப்பட்டிருந்தது.

ஆகவே, கதிர்வீச்சு டி.என்.ஏ.வை நேரடியாக உடைத்தது மட்டுமன்றி, கல்லீரல் செல்கள் பல ஆண்டுகளாக அழிந்து மீண்டும் பெருகியதும் இப்புற்றுநோய்க்கு வழிவகுத்தது எனக் கருதப்படுகிறது.