“எந்த வருஷ வண்டி, சார்?”: ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கவுன்டர் அறிவு

சென்னையில் நாற்பது வருஷத்துக்கு முன்பு கார் வைத்திருந்தவர்களுக்கு ‘ஜி.பி. ரோடு’ என்றால் வேறு விளக்கம் வேண்டாம். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைதான் அது. பேட்டர் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் படை அதிகாரி. மோட்டார் வாகனம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் பிஸ்டனும் பேரிங்கும்தான் நினைவுக்கு வரும்.

ஏன் அந்த இடம்? பக்கத்தில் மவுன்ட் ரோடு இருந்ததால்தான். 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனி முதலில் குதிரை வண்டிகள் கட்டியது. 1903-ல் அதே பட்டறையிலிருந்து நீராவியில் ஓடும் கார் ஒன்று வெளியே வந்தது. அதன் பிறகு கார் விற்ற கம்பெனிகள் எல்லாம் மவுன்ட் ரோட்டின் இரு பக்கமும் அமர்ந்துகொண்டன. வண்டி விற்கும் தெருவுக்குப் பின்னாலேயே சாமான் விற்கும் தெரு. சற்றுத் தள்ளிக் கூவத்தின் வளைவில் புதுப்பேட்டை, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பேட்டை. ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பழசு. இரண்டுக்கும் நடுவே மெக்கானிக்குகள் கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு நடந்துகொண்டே இருப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தெருவைவிட, அங்கே கவுன்டருக்குப் பின்னால் நின்ற மனிதரைப் பற்றியது. அவர் முதலாளியாக இருக்கலாம், முப்பது வருஷம் வேலை பார்த்தவராக இருக்கலாம். நீங்கள் போய் “வாட்டர் பம்ப் வேணும்” என்றால் உடனே எடுத்துத் தர மாட்டார். “எந்த வருஷ வண்டி, சார்?” என்பார். “பழசைக் கொண்டு வந்திருக்கீங்களா?” என்பார். மூன்றாவதாக, “ஏன் மாத்தறீங்க?” என்பார். இந்த மூன்றாவது கேள்வியைத்தான் நாம் இழந்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

அந்த அறிவு எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்கு முன்பு வண்டிகளும் சாமான்களும் கப்பலில் வந்தன. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கே பஞ்சம், பஸ்கள் கரி வாயுவில் ஓடின. புதுச் சாமான் வருவது அரிதான காலத்தில், இருப்பதைச் சீர்செய்து ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. பிறகு 1953-ல், உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் உள்ள கம்பெனிகள் மட்டும் தொழிலில் இருக்கட்டும் என்று டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தது. உதிரிகளை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிவிட்டன.

அதன் பலனாக நாட்டில் மிஞ்சிய கார்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட் (பின்னால் பிரீமியர் பத்மினி ஆனது), நம் வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அத்தோடு ஜீப். இரு சக்கரத்தில் திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட். வாங்குகிறவர்களுக்கு இது தண்டனை. பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு இது பள்ளிக்கூடம். ஒரே வண்டியை இருபது வருஷம் பார்த்தால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது?

அதே காலத்தில் உதிரிபாகத் தொழிலும் சென்னையைச் சுற்றியே வளர்ந்தது. 1949-ல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் லூகாஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். 1929-ல் வியாபாரக் கம்பெனியாகத் தொடங்கிய ரானே, பிறகு வால்வும் பிரேக் லைனிங்கும் செய்தது. செய்கிற இடத்துக்கும் விற்கிற இடத்துக்கும் ஒரு பஸ் பயண தூரம்தான். ஒரு சாமான் சரியில்லை என்றால் அந்தச் செய்தி தொழிற்சாலைக்குப் போக அதிக நாள் ஆகாது.

அம்பாசடர் ஒரே மாதிரி வண்டி என்று நாம் நினைப்போம். கடைக்காரர் அப்படி நினைக்க மாட்டார். ஆரம்ப அம்பாசடரில் வால்வு பக்கவாட்டில் இருந்த என்ஜின். சில வருஷங்களிலேயே வால்வு மேலே உள்ள 1489 சி.சி. என்ஜின் வந்தது. பிறகு டீசல், தொண்ணூறுகளில் இசுசு என்ஜின். வெளியே அதே உருண்டை உடம்பு, உள்ளே நாலு வேறு வண்டிகள். “அம்பாசடர் வாட்டர் பம்ப்” என்று கேட்டால் அவர் சிரிப்பது இதனால்தான்.

பேரிங் கடைக்காரர்களின் கணக்கு இன்னும் அழகு. 6204 என்று எண் இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும், உள்விட்டம் 20 மில்லிமீட்டர். 6205 என்றால் 25. ஆனால் 6203-க்கு இந்தக் கணக்கு செல்லாது, அது 17. இதெல்லாம் உலகப் பொதுவான எண்முறை. எண் அழிந்துபோன பேரிங்கைக் கையில் எடுத்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தே நம்பர் சொல்லும் ஆட்கள் அங்கே இருந்தார்கள். ஸ்பார்க் பிளக்கிலும் அப்படித்தான். மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டராக இரண்டும் ஒன்றே, ஆனால் ஒன்றின் மரை நீளம் அரை அங்குலம், இன்னொன்று முக்கால் அங்குலம். குட்டையானது போக வேண்டிய இடத்தில் நெட்டையைத் திருகினால் அது பிஸ்டன் தலையில் முட்டும். “திருகினேன், உட்கார்ந்தது” என்று வீட்டுக்குப் போனவர் மறுநாள் என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

“ஏன் மாத்தறீங்க?” என்ற கேள்விக்கு நல்ல உதாரணம் பிரேக். ஒருவர் வந்து நாலு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் ரப்பர், மாஸ்டர் சிலிண்டர் கிட் என்று மொத்தமாகக் கேட்கிறார். பெரிய வியாபாரம். ஆனால் விவரம் தெரிந்த கடைக்காரர் பழைய ரப்பரைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். அது உப்பிப் பெருத்திருந்தால், “யாரோ டப்பாவில் என்ஜின் ஆயில் ஊத்தியிருக்காங்க” என்று சொல்லிவிடுவார். நாம் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெயே இல்லை, கிளைகால் என்ற வேறு வகைத் திரவம். அதற்கென்று செய்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும், சக்கரம் கொதிக்கும். குழாய் முழுதும் கழுவாமல் புது ரப்பர் போட்டால் அதுவும் சில நாளில் ஊதும். இதைச் சொல்லாமல் விற்றால் அடுத்த வாரம் அதே ஆள் அதே கவுன்டரில் வந்து கத்துவார். சொல்லி விற்றால் கத்த மாட்டார்.

அந்தக் கவுன்டர் அறிவின் வேர் இங்கேதான் இருக்கிறது. கேட்டலாக் புத்தகத்தைப் படித்ததால் மட்டும் அது வரவில்லை. விற்ற சாமான் திரும்பி வந்ததால் வந்தது. ஒரு மெக்கானிக் தன் பட்டறைக்கு வரும் வண்டிகளை மட்டும்தான் பார்ப்பார். கடைக்காரரோ ஐம்பது மெக்கானிக்குகள் கொண்டுவரும் தேய்ந்த, உடைந்த, கருகிய சாமான்களைப் பார்த்தார். ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே கம்பெனியின் கிளட்ச் பிளேட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் நாலாவது ஆளுக்கு அதைத் தர மாட்டார். கடைக்கு வேலைக்கு வரும் பையன்களும் முதலில் தூசி தட்டி, அலமாரியில் அடுக்கி, சாம்பிளை எடுத்துக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கித்தான் கற்றார்கள். ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் கவுன்டரில் பேச விடுவார்கள்.

இதையெல்லாம் பொற்காலம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. மெக்கானிக் கமிஷன் பில்லுக்குள் ஒளிந்திருந்தது. தெரிந்த மெக்கானிக்கோடு வந்தால் ஒரு விலை, கார்க்காரர் தனியாக வந்தால் இன்னொரு விலை. பெண்கள் தனியாகப் போய்க் கேட்டால் பதில் அவர்களுக்குச் சொல்லப்படாது, கூட வந்த டிரைவருக்குச் சொல்லப்படும். ‘டூப்ளிகேட்’ என்ற சொல்லும் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்ததுதான். “ஒரிஜினலா, லோக்கலா?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத் தருவார்கள். அந்த நேர்மையைப் பாராட்டலாம், பிரேக் லைனிங்கில் அதைப் பாராட்ட முடியாது.

மாற்றம் 1983 டிசம்பரில் மாருதி 800-உடன் தொடங்கியது. அங்குல ஸ்பேனர்கள் மூலைக்குப் போய் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் வந்தன. ஆனாலும் மாருதி கடைக்காரரை வீழ்த்தவில்லை. அதுவும் ஒரே வண்டி, கார்புரேட்டர் வண்டி, லட்சக்கணக்கில் ஓடியது. பத்து வருஷத்தில் அதுவும் மனப்பாடம்.

வீழ்த்தியது அதற்குப் பின் வந்தவை. தொழில் திறந்துவிடப்பட்ட பிறகு மறைமலைநகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவோடு ஹூண்டாய், இன்னும் பல. 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் இறுகியதும் கார்களில் கார்புரேட்டர் போய் எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது ஸ்கூட்டர், பைக்கிலும் அதுவே. ஒரே மாடலில் பெட்ரோல், டீசல், ஆட்டோமேட்டிக், வருஷத்துக்கு ஒரு சின்ன மாற்றம் என்று பெருகின. “எந்த வருஷ வண்டி?” என்ற கேள்வி போதாமல் போயிற்று. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினால்தான் சரியான சாமான் எது என்று தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டர் கேட்டலாக் யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம். பல கம்பெனிகள் அசல் சாமானையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இதற்காக 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளிச்சந்தையில் சாமான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. இந்த விவகாரம் செய்தித்தாளில் வந்தபோது நம்மில் பலர் புரட்டிவிட்டுப் போயிருப்போம். கடைக்காரருக்கு விவரம் போதவில்லை என்று இன்று குறை சொல்கிறோம். படிக்க வேண்டிய புத்தகமே அவர் கைக்கு எட்டாமல் இருந்த வருஷங்கள் அவை.

சர்வீஸ் சென்டரிலோ கவுன்டர் என்ற ஒன்றே கிடையாது. பூப்போட்ட சோபாவும் காபி மெஷினும் உண்டு. உங்களிடம் பேசுபவர் சர்வீஸ் அட்வைசர், வண்டியைப் பிரிப்பவர் கண்ணாடிக்கு அப்பால், சாமான் எடுத்துத் தருபவர் அதற்கும் அப்பால். பழைய சாமானைக் கேட்டு வாங்கினால் தருவார்கள், பல பேர் கேட்பதில்லை.

இப்போது செயலியில் வாங்குகிறோம். அதில் வண்டி மாடலைத் தேர்ந்தெடுத்தால் போதும், நாளைக்கே வீட்டு வாசலில். விலையும் வெளிப்படை, பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே விலை. இந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் செயலி “ஏன் மாத்தறீங்க?” என்று கேட்காது. உதாரணமாக, ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் பி 0171 என்று ஒரு குறி வரும். என்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது மட்டும்தான் அதன் பொருள். காரணம் ஓரிடத்தில் விரிசல் விட்ட ரப்பர் ஹோஸாக இருக்கலாம், அழுக்கேறிய காற்றளவு சென்சாராக இருக்கலாம், பெட்ரோல் பம்பாக இருக்கலாம். குறியைத் தேடுபொறியில் போட்டு, முதலில் தென்படும் ஆக்சிஜன் சென்சாரை வாங்கி மாட்டுபவர்கள் நிறைய. விளக்கு அணையாது. சாமான் பெட்டியோடு திரும்பிப் போகும், எங்கோ ஒரு கிடங்குக்கு. ஏன் திரும்பியது என்று அங்கே யாரும் கையில் எடுத்துப் பார்க்கப்போவதில்லை.

நம் குடியிருப்பில் இது வெறும் பழங்கதை இல்லை. செவ்ரோலெட் 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, இந்த ஊரைவிட்டு அது போனது இரண்டாம் முறை. நம் பார்க்கிங்கில் இந்த இரண்டு கம்பெனி வண்டிகளும் நிற்கின்றன, பென்ஷன்காரர்கள் பத்து வருஷமாகப் பொத்திப் பொத்தி ஓட்டும் வண்டிகள். சாமான் கிடைக்கவே கிடைக்காது என்பதில்லை. பேரிங், ஆயில் சீல், பிரேக் பேடு போன்ற பலவற்றை வண்டிக் கம்பெனிகள் தாங்களே செய்வதில்லை, வெளியே வாங்கித் தங்கள் பெட்டியில் போடுகின்றன. ஆயில் சீலின் மேல் 35-52-7 என்று இருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அந்த அளவும் ரப்பரின் வகையும் பொருந்தினால் யார் பெட்டியில் வந்தாலும் அது பொருந்தும். எது எதற்குப் பொருந்தும் என்று தெரிந்த ஆள்தான் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள், பேரிங் கடைகளிலும் ஆயில் சீல் கடைகளிலும் கூடுதலாக. போகும்போது பழைய சாமானைக் கழுவாமல் கொண்டுபோங்கள், அழுக்கிலும் அவர்களுக்குச் செய்தி உண்டு. ஆர்.சி. புத்தகத்தின் நகலும் கையில் இருக்கட்டும். பிரேக், ஸ்டியரிங் சாமான்களில் மட்டும் ‘லோக்கல்’ வேண்டாம், பில் இல்லாமலும் வேண்டாம்.

சங்க அலுவலகத்தில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த வண்டி, எந்த வருஷம், என்ன பழுது, எந்த எண் சாமான் பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று எழுத நாலைந்து கட்டங்கள் போட்டிருக்கிறது. இதுவரை பதினொரு பதிவுகள். அதில் இரண்டு, போட்டுப் பார்த்துப் பொருந்தாதவை. அவையும் வேண்டும், தாராளமாக எழுதுங்கள்.