போர் அதிகாரத் தீர்மானம், 1973

போர் அதிகாரத் தீர்மானம் என்பது நாடாளுமன்ற ஒப்புதலின்றிப் படைகளைப் போருக்கு அனுப்பும் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் சட்டம். அந்நாட்டு அரசியலமைப்பு போர் அறிவிக்கும் உரிமையை நாடாளுமன்றமான காங்கிரசுக்கும், படைத் தலைமையைக் குடியரசுத் தலைவருக்கும் பிரித்துத் தந்துள்ளது. ஆயினும் கொரியப் போரும் வியட்நாம் போரும் முறையான போர் அறிவிப்பின்றியே நடந்தன. இதனால் எழுந்த அதிருப்தியில் காங்கிரஸ் இச்சட்டத்தை நிறைவேற்றியது. அதிபர் நிக்சன் தடுப்பதிகாரத்தால் அதை நிராகரித்தபோதும், 1973 நவம்பர் 7 அன்று இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் அதைச் சட்டமாக்கின.

இதன்படி, படைகளைச் சண்டையில் இறக்கும் குடியரசுத் தலைவர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு எழுத்துமூலம் அறிக்கை தர வேண்டும். காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் 60 நாள்களில் நடவடிக்கையை நிறுத்த வேண்டும். படைகளைப் பாதுகாப்பாகத் திரும்பப் பெற மேலும் 30 நாள் அவகாசம் உண்டு.

நடைமுறையில் இக்கெடு மீறப்பட்டதும் உண்டு. 2011இல் லிபியாவில் வான்தாக்குதல் 60 நாள்களைக் கடந்தபோது, தரைப்படை இறங்காத அந்நடவடிக்கை சட்டம் குறிப்பிடும் ‘சண்டை’ ஆகாது என்று ஒபாமா அரசு வாதிட்டது. ஏமன் போரிலிருந்து விலகக் கோரி 2019இல் காங்கிரஸ் இச்சட்டத்தின்கீழ் நிறைவேற்றிய தீர்மானத்தை அதிபர் டிரம்ப் நிராகரித்தார். தடுப்பதிகாரத்தை முறியடிக்கும் பெரும்பான்மை கிட்டாதவரை, இச்சட்டத்தின் பிடி தளர்ந்தே இருக்கும்.